பர்மாத் தேக்கும் பர்மா நகரும்

போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வழக்கமாக கால்வாய் அடைப்பு, தெருவிளக்கு, கொசு மருந்து என்று முடிகிற கூட்டம்தான். இந்த முறை புதுசாக ஒரு விஷயம். நகரின் பெயரில் இருக்கும் 'பர்மா'வை எடுத்துவிட்டு வேறு நல்ல பெயராக வைக்க வேண்டுமாம். மாநகராட்சிக்கு மனு எழுதி ரெடியாக வைத்திருந்தார்கள். கை தூக்கச் சொன்னபோது வேண்டாம் என்று தூக்கியது மொத்தம் மூணே கை. அதில் ஒண்ணு என்னுது.

இன்னொரு விஷயத்தையும் இப்பவே சொல்லிடறேன். வேணும் என்று தூக்கிய கைகளில் எங்கப்பாவோடதும் ஒண்ணு.

அன்னிக்கு ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "சார், செண்டிமெண்ட் எல்லாம் வேணாம் சார்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

முதலில் பசங்க சொன்ன காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். எதுவும் சும்மா இல்லை. ஒரு தம்பி வீட்டுக் கடன் கேட்கப் போன இடத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு "இது பட்டா இடமா, புறம்போக்கா?" என்றுதான் முதல் கேள்வியே கேட்டார்களாம். இன்னொரு தம்பிக்குப் பெண் பார்க்கப் போனால் "நீங்க பர்மாக்காரங்களா, அப்ப சாதி என்ன?" என்று சுற்றிச் சுற்றி விசாரிக்கிறார்கள். ராத்திரி வண்டியை நிறுத்தி லைசென்ஸ் பார்க்கிற போலீஸ்காரர் "பர்மாவா? எப்பய்யா வந்தீங்க?" என்கிறார். 2017-க்கு அப்புறம், ரோஹிங்யா சேதி டிவியில் ஓட ஆரம்பித்ததிலிருந்து, இது கூடிப்போச்சு. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, மெட்ரோவில் வேலைக்குப் போகிற பையன் இதற்கு எத்தனை தடவை பதில் சொல்வான்?

நானும் யோக்கியன் இல்லை. 1994-ல் காலேஜ் சேர்ந்தபோது எந்த ஏரியா என்று கேட்டால் "எண்ணூர் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எண்ணூரில் எங்கே என்று கேட்டால் "லேலண்ட் கிட்ட". மூணு வருஷத்தில் ஒரு சிநேகிதனையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை.

அப்படிப்பட்டவன் எதுக்கு இப்ப கை தூக்கினேன்னு கேட்பீங்க. ஒரு மரத்தால.

இரண்டு வருடம் முன்னால் அலுவலக நண்பர் ஒருவர் காரைக்குடி பக்கம் கூட்டிப்போய் ஒரு செட்டிநாட்டு வீட்டைக் காட்டினார். முகப்பில் வரிசையாகத் தூண்கள். ஒரே மரத்தில் கடைந்தது, இரண்டு கையால் கட்டிப் பிடிக்க முடியாது. சுற்றிக் காட்டிய பெரியவர் தூணைத் தட்டி "எல்லாம் பர்மாத் தேக்கு. நூறு வருஷம் ஆச்சு, ஒரு கரையான் தொட்டதில்லை" என்றார். கூட வந்தவர்கள் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே ஒரு கணக்கு ஓடியது. 'பர்மா' என்று சேர்த்துச் சொன்னால் தேக்குக்கு விலை ஏறுகிறது. அதே 'பர்மா'வைச் சேர்த்துச் சொன்னால் எங்கள் தெருவில் மனைக்கு விலை இறங்குகிறது. ரெண்டும் ஒரே ஊரிலிருந்து கப்பலில் வந்தவைதானே ஐயா!

அந்தத் தேக்கை அறுத்தவர்களில் எங்கள் அய்யாவும் ஒருத்தர். (அப்பாவோட அப்பா. சிவகங்கைச் சீமைப் பழக்கம், அய்யா, அப்பத்தா என்றுதான் கூப்பிடுவோம்.) 1934-ல், பதினாறு வயதில், ஊரில் மழை பொய்த்து, மேஸ்திரி ஒருத்தர் கொடுத்த முன்பணத்தை வீட்டில் வைத்துவிட்டு, மதராஸ் துறைமுகத்தில் மேல்தளச் சீட்டு எடுத்துக் கப்பல் ஏறியவர். அப்போது பர்மா இந்தியாவோடு சேர்ந்த ஒரு மாகாணம். 1937-ல்தான் பிரித்தார்கள். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. இன்னிக்கு நாம் வேலைக்கு பெங்களூர் போகிற மாதிரிதான். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சம் பேர். ரங்கூன் நகரில் பாதிக்கும் மேலே நம்ம ஆட்கள்தான், தெலுங்கர், தமிழர், வங்காளி, ஒரியாக்காரர் எல்லாம் சேர்த்து.

பர்மா என்றாலே நமக்கு செட்டியார்களின் வட்டிக்கடை ஞாபகம் வரும். 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் கால்வாசி அவர்கள் கைக்கு வந்திருந்தது, அதனால் அவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சாக்கு தூக்கினவர், அரிசி மில்லில் தவிடு தின்னவர், மர மில்லில் விரல் இழந்தவர் பற்றி யார் எழுதினார்கள்? எங்கள் தெருவில் இருந்ததெல்லாம் இந்த இரண்டாவது கும்பல்.

தேக்கு வேலை ஒரு தனி உலகம். அய்யா சொல்லிக் கேட்டதும் பின்னாடி நான் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, மூழ்கிவிடும். அதனால் மரத்தை வெட்டுவதற்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். நீர் ஏறாமல் மரம் நின்ற நிலையிலேயே செத்துக் காயும். அப்படியே இரண்டு மூன்று வருடம் விட்டு வைப்பார்கள். அப்புறம் வெட்டி, யானை கட்டி இழுத்து ஓடையில் போட்டுவிட்டு மழைக்காகக் காத்திருப்பார்கள். வெள்ளம் வந்தால்தான் கட்டை நகரும். ஒரு வருஷம் மழை குறைந்தால் அடுத்த வருஷம்தான். ஒவ்வொரு கட்டையிலும் கம்பெனி முத்திரை சுத்தியலால் அடித்திருக்கும். பெரிய ஆற்றுக்கு வந்ததும் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கோ மோல்மேனுக்கோ விடுவார்கள். காட்டில் நின்ற மரம் மில்லுக்கு வந்து சேர்வதற்குள் பல வருஷம் ஓடிவிடும். இந்தத் தேக்குக்காக ஒரு ராஜ்ஜியமே போயிருக்கிறது தெரியுமா? 1885-ல் மாண்டலே ராஜா திபா, பம்பாய் பர்மா டிரேடிங் கம்பெனி கணக்கில் காட்டாமல் மரம் எடுத்ததாக அபராதம் போட்டார். அதைச் சாக்காக வைத்து வெள்ளைக்காரன் படை அனுப்பி, ராஜாவைப் பிடித்து ரத்னகிரியில் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

காட்டு வேலை பெரும்பாலும் கரேன், ஷான், பர்மியர் கையில். மில் வேலைக்கு நம்ம ஆட்கள். ஆற்றிலிருந்து கட்டையை ஏற்றுவது, ரம்பத்துக்குத் தள்ளுவது, பலகை அடுக்குவது, மரத்தூளை அள்ளிக் கொதிகலனுக்குப் போடுவது. அய்யாவுக்கு இடது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலில் பாதியும் கிடையாது. "அது ரங்கூன்லயே இருக்குடா" என்பார். சின்ன வயதில் நான் அதை நிஜமாகவே எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் :)

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். நாலைந்து லட்சம் இந்தியர்கள் கிளம்பி, அராக்கான் வழியாகவும் தாமு, இம்பால் மலை வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் போனார்கள். அப்பத்தாவுக்கு அப்போது நிறைமாதம், அதனால் அய்யா நகரவில்லை. அப்பத்தாவின் அண்ணன் நடந்தார். வந்து சேரவில்லை. எங்கே, எப்படி என்று எந்தத் தகவலும் இல்லாததால் அவருக்குத் திதி கொடுக்கிற நாளும் கிடையாது. தை அமாவாசையில் எல்லோரோடும் சேர்த்து ஒரு உருண்டை.

அப்புறம் 1962-ல் நே வின் ராணுவ ஆட்சி. 1964 மார்ச்சில் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள், மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். (நோட்டு செல்லாது என்று ராத்திரியில் சொன்னால் எப்படி இருக்கும் என்று 2016-ல் நமக்கெல்லாம் தெரிந்தது. எங்கப்பா அன்னிக்கு டிவி முன்னால் ஒண்ணும் பேசாமல் எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.) அந்த ஆண்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். எங்கள் குடும்பம் 1966-ல். அய்யாவுக்கு 48 வயசு, அப்பாவுக்கு 12. கப்பல் ஏறும் முன் சோதனையில் அப்பத்தாவின் மூக்குத்தியைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். கடைசி வரைக்கும் அந்த மூக்கில் வேறு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை அவர்.

வந்தவர்கள் வியாசர்பாடி, திருவொற்றியூர், எர்ணாவூர், செங்குன்றம் என்று பிரிந்தார்கள். வெளியூர்களிலும் பர்மா காலனிகள் உண்டு. பர்மாவுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று தரைவழியாகக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரில் மோரே என்கிற ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர்களும் இருக்கிறார்கள். அங்கே கோயில் கட்டி, தமிழ்ச்சங்கம் வைத்து... 2023 கலவரம் அந்த ஊரையும் விடவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த இடம் எப்படி இருந்தது என்று இப்போது இருக்கிற அடுக்குமாடியைப் பார்த்தால் புரியாது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் சேறும் கோரையும். மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆறு எங்கே முடிகிறது, எங்கள் குடிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாதாம். முதல் வருஷம் ஓலைக் கொட்டகை. இரண்டாம் வருஷமும் ஓலைதான், நடுவில் ஒரு தடவை தீப்பிடித்ததால் புது ஓலை. குடிதண்ணீருக்குப் பெண்கள் விடிகாலை நாலு மணிக்குக் குடத்தோடு கிளம்பினால் திரும்ப ஏழு மணி. அப்பத்தா கணக்குப்படி, முதல் ஐந்து வருஷத்தில் அவர் நடந்த தூரத்துக்கு ரங்கூனுக்கே போய் வந்திருக்கலாம்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. மரம் தெரிந்த அத்தனை பேர் ஒரே இடத்தில் கூடியிருந்தும், அந்தத் தொழில் ஒருத்தருக்கும் சோறு போடவில்லை. சுற்றி லேலண்ட், என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப், அனல் மின் நிலைய கட்டட வேலை (1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் மூடினார்கள்). எல்லாம் இரும்பும் ரப்பரும் கரியும். பெரும்பாலானவர்களுக்குக் கான்டிராக்ட் கூலிதான் கிடைத்தது. சிலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். கொஞ்சம் சாமர்த்தியம் உள்ளவர்கள் 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்ததும் அங்கே கடை போட்டு சென்ட்டு, டேப் ரிக்கார்டர் விற்றார்கள். பெண்கள் அத்தோவும் மொய்ங்காவும் போட்டார்கள். இப்போது அதைத் தின்ன கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், யூட்யூபில் போடுகிறார்கள். அப்போது "என்னம்மா இது, புழுவைக் கிண்டி வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு.

அய்யாவுக்கு மட்டும் ஒரு மரவாடியில் வேலை கிடைத்தது. ஒண்ணரை வருஷம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் வீடு கட்டுகிற ஒருத்தர் நிலைக்கதவுக்கு மரம் பார்க்க வந்திருக்கிறார். முதலாளி ஒரு கட்டையைக் காட்டி "அசல் பர்மா" என்றிருக்கிறார். வாங்க வந்தவர் கூட நின்ற அய்யாவைப் பார்த்து "நீங்க சொல்லுங்க பெரியவரே" என்று கேட்க, இவர் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு, "இது பர்மாவப் பாத்ததே இல்ல ஐயா. நாட்டுத் தேக்கு, அதுவும் இளசு" என்றிருக்கிறார். அன்று சாயங்காலத்தோடு வேலை போச்சு. அதற்கப்புறம் சாகிற வரை, 1991 வரை, ராத்திரி வாட்ச்மேன்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். முகத்துவாரக்குப்பம் என்றால் ஆறு கடலில் சேருகிற இடம் என்று எவனுக்கும் விளங்கும். தாழங்குப்பத்தில் ஒரு காலத்தில் தாழை இருந்திருக்க வேண்டும். காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம்... எல்லாம் அங்கே வாழ்ந்த மீனவர்கள் வைத்தது, எங்களுக்கு எத்தனையோ தலைமுறை முந்தி. சாம்பல் கொட்டி, ஆற்றை அடைத்து, துறைமுகம் கட்டி எல்லாவற்றையும் மாற்றியாச்சு. அந்த மண்ணில் என்ன இருந்தது என்பதற்கு இனி அந்தப் பெயர்தான் சாட்சி. இன்னொரு பக்கம் விம்கோ நகர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, ஸ்வீடன்காரன் 1923-ல் ஆரம்பித்த தீப்பெட்டிக் கம்பெனி. அதன் பெயர் ரயில்வே ஸ்டேஷனுக்கு இருக்கிறது, 2021-ல் வந்த மெட்ரோ ஸ்டேஷனுக்கும் வைத்தாகிவிட்டது. தீக்குச்சிக் கம்பெனி பெயர் அசிங்கம், மாற்று என்று யாராவது மனு போட்டார்களா? முதலாளி பெயர் நின்றால் அது ஏரியா. கூலி பெயர் நின்றால் அது அவமானமா?

"அகதி அடையாளத்தை விட்டு வெளியே வரணும் சார்" என்றான் மனு எழுதிய தம்பி. நல்லா படிச்ச பையன். அவனுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். தம்பி, நாம அகதியா வந்து ஒதுங்கினதோட கதை முடிஞ்சிருந்தா நீ சொல்றது சரி. உங்க தாத்தாவும் எங்க அய்யாவும் சேத்தைக் கொத்தி, மண் அடிச்சு மேடாக்கி, தெரு போட்டு, கோயில் கட்டி, பால்வாடி கேட்டு வாங்கி ஒரு ஊரை உண்டாக்கினாங்க. அகதியா வந்தவங்க இங்க குடியேறிகளா ஆனாங்க. அதுக்கு ஒரு கல்வெட்டு கிடையாது, ஒரு புத்தகம் கிடையாது. மெட்ராஸ் சரித்திரம் எழுதறவங்க கோட்டை, ஜார்ஜ் டவுன் எழுதுவாங்க, வடக்கே வந்தால் 1856-ல் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனோடு திரும்பிடுவாங்க. நமக்கு இருக்கிற ஒரே எழுத்து தெருமுனை பலகையில இருக்கிற அந்த மூணு எழுத்து.

இன்னொன்று, நடைமுறை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஆற்று வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் வந்ததே, சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. நிவாரணத்துக்குப் போனபோது ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில் மூன்றிலும் முகவரி ஒரே மாதிரி இருந்தவர்களுக்கே பத்து கேள்வி. பட்டாவுக்கு அலைகிறவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பழைய காகிதம் எல்லாம் 'பர்மா' பெயரில். இந்த நிலைமையில் ஊர்ப் பெயரை மாற்றினால், அந்தக் காகிதத்துக்கும் இந்த மண்ணுக்கும் சம்பந்தம் உண்டு என்று இன்னும் முப்பது வருஷம் மனு எழுத வேண்டியதுதான். கடன் கிடைக்காததற்குக் காரணம் பெயர் இல்லை, பட்டா. அதற்குச் சேர்ந்து போங்களேன், நானும் வருகிறேன், மொட்டை வெயிலில் வரிசையில் நிற்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டேன், அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்ப்பா, நீங்க பொறந்த ஊரு பேரு. நீங்களே வேணாங்கறீங்க?"

"நீ பொறந்தது இங்க. ஒனக்கு அது கதை. பன்னெண்டு வயசுல பள்ளிக்கூடத்துல என்னைப் பேரச் சொல்லியா கூப்பிட்டானுங்க? ஏ பர்மான்னுதான் கூப்பிட்டானுங்க. வாத்தியாரும் அப்படித்தான். எனக்குப் பர்மாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. அவர் பட்டதை நான் படவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் பட்டதை அழித்துவிட்டால் அவரை அப்படிக் கூப்பிட்டவர்களுக்கு அல்லவா சௌகரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

மனுவைப் பொங்கல் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் எங்கள் தெருவில் ரங்கூனில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கலாம் என்று இறங்கினேன். பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பதிவு செய்கிறேன். ஒரு பாட்டிக்குப் பேச்சு சரியாக வரவில்லை, ஆனால் தனக்கா மரத்தைக் கல்லில் எப்படி இழைத்து முகத்தில் பூசுவது என்று கையால் செய்து காட்டியது. அதையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி அப்பா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். 1966-ல் ரங்கூன் இந்தியத் தூதரகத்தில் கொடுத்த பயணச் சான்று. அய்யா, அப்பத்தா, அப்பா, அத்தை நாலு பேரும் ஒரே போட்டோவில். அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு.

"இதையும் போட்டோ எடுத்து வெச்சுக்க. எடுத்துட்டுக் குடுத்துடணும்" என்றார். பொங்கல் கழித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். கையை மாத்தித் தூக்க மாட்டாராம்.